தாயின் வயிற்றில் காது வைத்தவர்

பாரிஸ் நகரின் தெற்கு விளிம்பில், 14ஆம் வட்டாரத்தில், அடோல்ஃப் பினாரின் பெயரில் ஒரு பெருந்தெரு இருக்கிறது. அவ்வழியே வேலைக்குப் போய்வரும் எம்மவர் பலருக்கு அது வெறும் தெருப் பெயர். ஆனால் ஊரில் மருத்துவமாது வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்ட புனல் போன்ற சிறு குழலை எங்கள் அம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குழல் இவருடையது.

பினார் 1844இல் மெரி-சுர்-சேன் என்ற ஊரில் பிறந்தார். பாரிஸில் தார்னியே என்ற பேர்பெற்ற மகப்பேற்று வைத்தியரிடம் தொழில் பழகினார். சிசுவின் இதயத்துடிப்பை முதலில் கேட்டவர் அவரல்லர். 1821இலேயே கெர்கராதெக் என்ற வைத்தியர், கருப்பையில் நீர் அசையும் ஓசை கேட்குமா என்று ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோது, தாயின் நாடியைவிட மிக விரைவாக, கடிகாரம்போல் துடிக்கும் ஒலியைக் கேட்டிருந்தார்.

பினார் முதலில் கையை நம்பினார். வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று அறியும் முறையை 1878இல் நூலாக எழுதினார். முதுகுப் பக்கம் தெரிந்தால் துடிப்பு தெளிவாகக் கேட்கும் இடமும் தெரியும். 1895இல் வந்த அவரது குழலுக்கு மின்சாரமும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம்.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் இயல்பு. நோவு வரும்போது கருப்பை இறுகி, நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் சற்றுக் குறையும். களைத்த பிள்ளையின் துடிப்பு அப்போது தாழ்ந்து, நோவு தணிந்த பிறகும் மீளத் தாமதிக்கும். அதனால்தான் நோவு முடிந்த கையோடு ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார்கள். இன்று வயிற்றில் கட்டும் இரண்டு பட்டிகளில் ஒன்று துடிப்பையும் மற்றது நோவையும் பதிவதும் இதற்காகத்தான். பிள்ளை புரண்டால் பட்டி ஒலியைத் தவறவிடும், எண் மறையும். மொழி தெரியாத தாய் திரையைப் பார்த்துப் பதறிப்போவாள். கையைக் காட்டியாவது கேட்டுவிடுங்கள். சிக்கலில்லாத பேற்றுக்கு இடைவிட்டுக் கேட்பதே போதும். எந்நேரமும் பட்டியோடு கிடந்தால் சத்திரசிகிச்சைகள் கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

போத்லொக் மகப்பேற்று மனையின் தலைவராக இருந்த பினார், உயிரோடிருக்கும் சிசுவை உள்ளேயே வெட்டியெடுக்கும் அக்கால வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். அதற்கு மாற்றாகத் தாயின் இடுப்பெலும்பு மூட்டைப் பிரிக்கும் முறையை முன்வைத்தார். அதுவும் பின்னர் வழக்கொழிந்தது.

என் பார்வையில் அவருடைய பெரிய வேலை குழல் அல்ல. பேறுவரை நின்று உழைத்த பெண்களின் பிள்ளைகளையும், முன்கூட்டி ஓய்வெடுத்தவர்களின் பிள்ளைகளையும் நிறுத்துப் பார்த்தார். ஓய்வெடுத்தவர்களின் பிள்ளைகள் நிறை கூடியிருந்தன. 1895இல் அதை மருத்துவக் கழகத்தில் சொன்னார். விடாமல் வாதாடினார். 1909இல் பிரான்சில் வந்த சட்டம், பிள்ளை பெறும் பெண் 8 கிழமை விலகி நின்றாலும் அவளது வேலை பறிபோகாது என்றது. பத்திரமில்லாமல், கைக்காசுக்கு உணவகச் சமையலறையில் எட்டாம் மாதமும் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஓய்வு இன்றும் எட்டாக்கனிதான்.

அவரிடம் கசப்பான பக்கமும் உண்டு. இனமேம்பாடு பேசிய சங்கத்தில் முன்வரிசையில் நின்றவர் அவர். இனம் பார்த்துத் துரத்தப்பட்ட எங்களுக்கு அது எளிதில் செமிக்காது.

1919இல், 75 வயதில், நாடாளுமன்றம் சென்று 1928 வரை இருந்தார். 1934இல், தொண்ணூறு வயதில், பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.