பாட்டிலைப் பார்க்காதவர்

சாத்தாங்காடு என்றால் இரும்பு அங்காடி. உருக்கினால் மீண்டும் இரும்பாகும் என்பதால் துருப்பிடித்த துண்டுக்கும் அங்கு விலை உண்டு. அதே வட்டாரத்தில் பக்கிங்காம் கால்வாயில் சேறு படிந்து மிதக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு அந்த மதிப்பு இல்லை. அந்த பாட்டிலின் மூலப்பொருளைக் கண்டறிந்த ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டின் வாழ்க்கையைப் படித்தபோது, அதை மீட்கும் வழியும் அவருடைய வேதியியலிலேயே இருப்பதை உணர்ந்தேன்.

1901இல் இங்கிலாந்தின் சட்டன் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வேதியியல் கற்றார். செயற்கை இழை மீதிருந்த ஆர்வத்தால், விஸ்கோஸ் புகழ் கிராஸ், பெவன் ஆய்வகத்தில் ஊதியமின்றிப் பணியாற்றினார். 1924இல் காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன் என்னும் துணி அச்சு நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் கரோதர்ஸ், தாம் உருவாக்கிய பாலியெஸ்டர் குறைந்த வெப்பத்திலேயே உருகியதால் அதைக் கைவிட்டு நைலானுக்குச் சென்றிருந்தார். அவர் ஆராயாமல் விட்ட டெரிப்தாலிக் அமிலத்தை வின்ஃபீல்டு எடுத்துக்கொண்டார். 1941இல் உடனாய்வாளர் டிக்சனுடன் சேர்ந்து அதை எத்திலீன் கிளைக்காலுடன் இணைத்தார். வலிய இழை பிறந்தது. போர்க்காலமாதலால் செய்தி வெளியே கசியவில்லை. பின்னர் அது டெரிலீன் ஆனது. டெரிகாட்டன் சட்டை நுழையாத வீடு நம்மூரில் ஏது? வின்ஃபீல்டு 1966இல் மறைந்தார். நாதனியல் வையத் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றதோ 1973இல். தம் இழை பாட்டிலாகிக் குவிந்ததை அவர் அறியார்.

அவர் கட்டிய எஸ்டர் பிணைப்பு அவிழ்க்கக்கூடியது. துண்டாக்கிய பாட்டிலைப் புரோபிலீன் கிளைக்காலில் இட்டு, துத்தநாக அசிட்டேட்டை வினையூக்கியாகச் சேர்த்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் நீண்ட சங்கிலி சிறு மூலக்கூறுகளாக அறுபடும். அவற்றை மலேயிக் அன்ஹைட்ரைடுடன் வினைபுரியச் செய்து ஸ்டைரீனில் கரைத்தால் பாலியெஸ்டர் பிசின் கிடைக்கும். காசிமேட்டில் நிற்கும் ஃபைபர் படகு, கண்ணாடி இழையும் இவ்வகைப் பிசினும் சேர்ந்து இறுகியதுதான்.

பாட்டிலை வெறுமனே உருக்கி இழையாக்குவோர் தெளிந்த, நிறமற்ற பாட்டிலையே விரும்புகிறார்கள். வண்ணம் பூசப்படும் படகுக்குப் பிசினின் நிறம் பொருட்டன்று. ஆனால் இறுகிய பிசின் மறுபடி உருகாது. ஸ்டைரீன் ஆவியும் தொழிலாளிக்கு நல்லதன்று. ஆகவே படகு, தொட்டி போன்று பல்லாண்டு உழைக்கும் பொருள்களுக்கு மட்டுமே இவ்வழியை நான் ஆதரிப்பேன். அதிலும், கால்வாயிலிருந்து அள்ளி வருபவரின் சேற்று பாட்டிலுக்குக் கிலோவுக்கு இன்ன விலை என்று முதலில் எழுதிவைக்க வேண்டும். ஆலைக்கு இடம் தேடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.