எல்லிசும் தொண்டைமண்டலக் காணியாட்சியும்

பிரான்சிஸ் வைட் எல்லிசைக் குறளுக்கு உரை கண்டவராகவும், தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என 1816இல் காட்டியவராகவும் தமிழுலகம் அறியும். நிலவுரிமை ஆய்வில் அவர் ஆற்றிய பணி அத்துணை பேசப்படுவதில்லை.

1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்த எல்லிஸ் 1810இல் சென்னைக் கலெக்டரானார். சுங்குவார்சத்திரம், திருப்பெரும்புதூர் முதலிய ஊர்கள் அடங்கிய செங்கற்பட்டுச் சாகீரை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் பெற்ற கம்பெனிக்கு, அந்நிலம் யாருடையது என்பது அரை நூற்றாண்டு கழிந்தும் தெளியவில்லை. மிராசு பற்றி அரசு விடுத்த 17 வினாக்களுக்கு அவர் எழுதிய விடை 1818இல் அச்சாயிற்று. காணியாட்சி என்பது வழிவழி ஆளவும் விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிய உடைமையே என்பது அவர் துணிபு. பங்காளிகளிடையே அவ்வப்போது மாற்றிப் பகிரப்படும் பசுங்கரையையும், நிலையாகப் பிரிக்கப்பட்ட அறுதிக்கரையையும் அவர் பிரித்து விளக்கிய பகுதி இன்றும் பயன் தருவது. விலையோலைகளும் கல்வெட்டுகளும் அவருக்குச் சான்றாயின, சங்கரையா துணைநின்றார். ஆயினும் ஓலை காணியாளர் கையிலேயே இருந்தது. பரகுடிகளுக்கும் பண்ணையாட்களுக்கும் காட்டுதற்கு ஓலை ஏது?

1820இல் ஆளுநரான மன்றோ, மிராசுக்கு எல்லிஸ் அளித்த மதிப்பை ஏற்கவில்லை. மறுமொழி கூற எல்லிஸ் இல்லை; 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சுண்டு இறந்திருந்தார். அவருடைய கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி பேணுவாரின்றி அழிந்தது. மிராசு விடை, முன்னரே அச்சேறியிருந்தமையால் எஞ்சிற்று.