சத்தமாகச் சொல்ல முடியாத நன்றி

நம்ம வீட்டுப் பெரியவங்களை ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகப் பார்த்துக்கிட்ட மிஸ்ஸிக்கு நன்றி சொல்வது ரொம்பச் சுலபம். வாயைத் திறந்தால் போதும். ஆனால், வாய் திறந்து நன்றி சொன்னாலே அந்த மிஸ்ஸியின் உயிருக்கு ஆபத்து என்ற காலமும் நம்ம நாட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் சிபில் கார்த்திகேசு.

1899 செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில், ஒரு யூரேசியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919-இல் தைப்பிங்கில் பிறந்த தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். 1926 முதல் இருவரும் ஈப்போ புருஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினார்கள். சிபிலுக்குக் கண்டோனீஸ் மொழி சரளம். அதனால் சீன நோயாளிகளும் தயங்காமல் அவரிடம் வந்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நம்ம கெடாவின் ஜித்ராவை வீழ்த்திவிட்டுத் தெற்கே இறங்கியது. குடும்பம் ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள பப்பான் என்ற சின்ன ஊருக்குப் போனது. பகலில் ஊர் மக்களுக்கு வைத்தியம். இருட்டியதும், காட்டிலிருந்து ரகசியமாக வரும் காயம்பட்ட போராளிகளுக்கு வைத்தியம். குணமானவர்கள் வெளியே அவர் பேரைக்கூடச் சொல்ல முடியாது. சொன்னால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

அப்படியும் 1943-இல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துவிட்டது. அடித்தார்கள், தண்ணீர்ச் சித்திரவதை செய்தார்கள். சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவோம் என்றும் மிரட்டினார்கள். பெற்ற மகளைக் கண்ணெதிரே வைத்து மிரட்டியபோதும், தன்னிடம் வைத்தியம் பார்த்தவர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

1945-இல் போர் முடிந்து பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் உடம்பு தேறவில்லை. 1948 ஜூன் 12-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் லானர்க்கில் காலமானார். 1949-இல் அவர் உடல் ஈப்போவுக்கு வந்தபோது, இன மத பேதம் இல்லாமல் மக்கள் திரண்டு வழியனுப்பினார்கள். அத்தனை வருஷம் அடக்கி வைத்த நன்றி அன்றைக்குத் தெருவுக்கே வந்தது. கேட்கத்தான் அவர் இல்லை. இன்றைக்கு ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

நமக்கு அந்தப் பயமே இல்லையே! சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிகளில் ஊசி போடுகிற மிஸ்ஸி, தள்ளுவண்டி தள்ளுகிறவர், தரை துடைக்கிற அக்கா, தோட்டத்தில் நம்ம தாத்தா பாட்டிக்கு மருந்து கொடுத்த பழைய டிரசர் ஐயா. இவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? அடுத்த முறை வார்டை விட்டுக் கிளம்பும்போது சட்டையில் இருக்கும் பெயரைப் படியுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அவர்கள் காதில் விழும்போதே சொல்லிவிடுவோம்.