கடல் கடந்த நம் நாட்டுக் குரு
அர்ச். யோசே வாஸ் சுவாமியாரின் சரித்திரச் சுருக்கம்



மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில், கடலைப் பார்த்தவண்ணம் பழைய செங்கற் கோட்டை ஒன்று நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. அதனுள்ளே பெயரும் சின்னமும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

நம் செங்கற்பட்டுக் கரையில் மெல்லிய துணி வாங்கிக் கப்பலேற்றிய இதே ஒல்லாந்துக் கம்பெனியார்தாம் 1658-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் இலங்கையில் அவர்கள் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்கள் தங்கலாகாது என்று தடை பிறந்தது. குருவுக்கு வீட்டில் இடங்கொடுத்தவர்களுக்கும் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. கோயில்கள் கைமாறின. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அங்கிருந்த விசுவாசிகள் பூசை காணவும் பாவசங்கீர்த்தனம் செய்யவும் வழியின்றித் தவித்தார்கள். அவஸ்தைப்பூசுதல் பெறாமலே மரித்தவர்கள் எத்தனையோ பேர்.

ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்த வேதபோதகர்களைப்பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம். நம் நாட்டிலிருந்து கடல் கடந்து பிறரிடம் சென்ற ஒருவரைப்பற்றி இன்று கேளுங்கள்.

யோசே வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், கோவா நாட்டில் தம் தாயின் ஊராகிய பெனாவ்லிமில் பிறந்தார். கிறிஸ்தவர்களான கொங்கணிப் பிராமணக் குடும்பம். ஊரில் மதிப்புள்ள குடும்பம். நன்றாகக் கற்றார். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். நல்ல பிரசங்கி என்றும், பாவசங்கீர்த்தனம் கேட்பதில் பொறுமையுள்ளவர் என்றும் பெயரெடுத்தார். சொந்த ஊர், சொந்த பாஷை, உற்றார் உறவினர், ஜனங்களின் மரியாதை யாவும் அவருக்கு இருந்தன. இவற்றை விட்டுப் போகும்படி ஒருவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இலங்கையில் குருக்கள் இல்லாத நிலையைக் கேள்விப்பட்டதும் தம்மை அங்கே அனுப்பும்படி அவரே கேட்டுக்கொண்டார். ஆனால் மேலதிகாரிகள் 1681-ல் அவரைக் கன்னட நாட்டிற்கு அனுப்பினார்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று அவர் முகங்கோணவில்லை. கீழ்ப்படிந்து சென்று சில ஆண்டுகள் உழைத்தார். திரும்பி வந்தபின் 1685-ல், அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கின்படி வாழ விரும்பிய இந்தியக் குருக்கள் சிலருடன் சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராக்கினார்கள். அந்தப் பதவியையும் மறு ஆண்டே விட்டுவிட்டு, யோவான் என்னும் ஊழியனைத் துணைகொண்டு இலங்கைக்குப் புறப்பட்டார்.

அவர் சென்ற கோலத்தை மனதில் எண்ணிப் பாருங்கள். குருக்களுக்குரிய அங்கி இல்லை. காலில் செருப்பு இல்லை. கூலிக்காரனைப்போல் இடையில் துணி மட்டும். பூசைக்கு வேண்டிய சாமான்கள் மூட்டையில் மறைந்திருந்தன. முற்காலத்தில் பல்லவர் படையும் கடலைத் தாண்டி இலங்கைக்குச் சென்றதுண்டு. அது ஓர் இளவரசனை அரியணையில் ஏற்றச் சென்ற படை. இவரிடமோ ஆயுதமும் இல்லை, அரசனின் ஆதரவும் இல்லை. 1687-ல் தூத்துக்குடியில் கப்பலேறினார். வழியில் புயலும் பட்டினியும் வாட்டின. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பால் நடக்கவும் பலமின்றி விழுந்தார். முன்பின் அறியாதவர்கள் கொடுத்த கஞ்சிதான் அவரைப் பிழைக்க வைத்தது. உதவி செய்ய வந்தவர் முதலில் உதவி பெற்றார். வாசகரே, இதைச் சற்றே நினைவில் வையுங்கள்.

யார் கத்தோலிக்கர் என்று கேட்டறியவும் முடியாத இடம் அது. ஆகையால் கழுத்தில் செபமாலை தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை அறிந்துகொண்டார். பிறகு சில்லாலை என்னும் கிராமத்தில் மறைந்திருந்து, இரவு வேளைகளில் பூசை செய்து தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். தமிழையும் கற்றார். 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளின் முந்தின இரவு, பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தார்கள். சுவாமியாரோ அவர்கள் கையில் அகப்படவில்லை. பின்பு புத்தளம் வழியாக, சிங்கள அரசனின் ஆட்சியிலிருந்த கண்டி நாட்டிற்குச் சென்றார்.

1692-ல் கண்டி நகரை அடைந்ததும், போர்த்துக்கீசியரின் வேவுகாரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அவர் அங்கே என்ன செய்தார் தெரியுமா? சிறையிலிருந்தபடியே சிங்கள பாஷையைக் கற்றுக்கொண்டார்! முற்றத்தில் ஒரு சிறு குடிசை அமைத்து அதைக் கோயிலாக்கினார். பின்னர் நாட்டில் மழையின்றிப் பஞ்சம் வந்தபோது, அரசன் வேண்டிக்கொண்டபடி சிலுவையின்முன் முழந்தாளிட்டு மன்றாடினார் என்றும், அப்பொழுது பெருமழை பெய்தது என்றும் அவருடைய சரித்திரம் கூறுகின்றது. அதன்பின் அவர் நாடெங்கும் நடமாட உத்தரவு கிடைத்தது.

1697-ல் கண்டியில் வைசூரி பரவியது. ஜனங்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். சுவாமியாரும் அவருக்கு உதவியாக வந்திருந்த அவருடைய உறவினரான யோசே கர்வாலோ சுவாமியாரும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைக் குடிசைகளில் சேர்த்து, புண் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார்கள். கிறிஸ்தவர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்மேல் பெருமதிப்புக் கொண்டான்.

மேற்றிராணியார் பதவி தேடி வந்தபோதும் அதை மறுத்துவிட்டார். சொந்த ஊருக்கு அவர் ஒருபோதும் திரும்பவில்லை. ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் உழைத்தபின், 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கண்டியில் மரித்தார். சதுரங்கப்பட்டினத்து வியாபாரிகளின் கல்லறையில் பெயர் இருக்கிறது. இவருடைய கல்லறை எங்கே என்று காட்டுவார் இல்லை. ஆயினும் 1995-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தினார்.

இக்காலத்தில் நம் வாலிபர் சிலர், சில வாரங்களோ மாதங்களோ அந்நிய தேசத்தில் சேவை செய்யப் புறப்படுகிறார்கள். நல்லது, அவர்களுக்காக வேண்டிக்கொள்வோம். ஆனால் கடலைத் தாண்டியதால் மட்டும் வாஸ் சுவாமியார் பெரியவரானார் என்று எண்ண வேண்டாம். சென்ற இடத்தின் பாஷையைக் கற்றார். அங்குள்ளவர் கொடுத்த கஞ்சியைத் தாழ்மையோடு குடித்தார். நோய் வந்தபோது ஓடாமல் நின்றார். இந்த மூன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் சென்றாலும் அது வெறும் பிரயாணமே.

இந்த மூன்றையும் செய்ய வழி நம் வாசலிலேயே இருக்கிறது. நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வேலை செய்கின்றன. தொழிற்சாலைகளில் வடநாட்டு வாலிபர் பலர் தனியே உழைக்கிறார்கள். அவர்களுடைய பாஷையில் பத்து வார்த்தை நமக்குத் தெரியுமா? அவர்களில் ஒருவர் காய்ச்சலாய்க் கிடந்தால் யார் கூடவிருப்பார்?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், இருவர் மூவராக அந்தப் பக்கம் போய்வாருங்கள். அவர்கள் தேநீர் கொடுத்தால், வேண்டாமென்று சொல்லாமல் உட்கார்ந்து குடியுங்கள்.