கடியாரப் பிரியர் ஜேம்ஸ் வார்டு பாக்கார்டு

பொருளைத் தேடுவது ஒரு திறமை. தேடிய பொருளைக்கொண்டு எதை விரும்புவது என்று அறிவது வேறொரு திறமை. முன்னதில் தேர்ந்த செல்வர் பலர், பின்னதில் குழந்தைகளாகவே இருந்து மறைகின்றனர். இளமையில் எதை விரும்பினரோ அதையே முதுமையிலும், அளவில் மட்டும் பெருக்கி, விரும்பிக்கொண்டிருப்பர். அவ்வாறன்றி, ஒருவருடைய விருப்பம் ஆண்டுதோறும் பக்குவமடைந்து, கடைசியில் கனிந்து நின்றதைக் காண விரும்புவோர்க்கு, அமெரிக்க தேசத்துப் பாக்கார்டின் சரித்திரம் தக்கதோர் உதாரணமாகும். அவர் பெயர் தாங்கிய மோட்டார் வண்டிகளைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலர். அவருடைய கடியாரங்களைப் பற்றி அறிந்தோர் சிலரே. ஆதலின் இம்மாதம் அவரைக் குறித்துச் சிறிது எழுத முற்படுகின்றோம்.

ஜேம்ஸ் வார்டு பாக்கார்டு 1863ஆம் வருஷம் நவம்பர் மாதம் 5ந் தேதி ஒஹையோ மாகாணத்தில் வாரன் என்னும் ஊரில் பிறந்தார். லீஹை சர்வகலாசாலையில் யந்திர சாஸ்திரம் பயின்று 1884ல் பட்டம் பெற்றார். சில காலம் நியூயார்க்கில் மின்சார விளக்குத் தொழிலில் பழகிய பின், சொந்த ஊருக்கே திரும்பி, 1890ல் தம் தமையனார் வில்லியத்துடன் கூடி மின்சார விளக்குகளும் சாதனங்களும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்.

1898ல் அவர் வின்டன் என்பவர் செய்த மோட்டார் வண்டி ஒன்றை வாங்கினார். கிளீவ்லாந்து நகரத்திலிருந்து வாரனுக்கு வரும் வழியிலேயே அது பழுதுற்றது. வண்டியின் குறைகளை எடுத்துச் சொல்லச் சென்ற பாக்கார்டிடம், அத்தனை குறை காண்பவர் தாமே ஒன்று செய்து பார்க்கலாமே என்று வின்டன் மறுமொழி கூறியதாகச் சொல்வர். பிறர் கோபித்துக்கொண்டு திரும்பியிருப்பர். பாக்கார்டோ அதை ஒரு யோசனையாகவே ஏற்றுக்கொண்டார். 1899ஆம் வருஷம் நவம்பர் 6ந் தேதி, அவருடைய முதல் வண்டி வாரன் நகரத்துத் தெருவில் ஓடிற்று. சில ஆண்டுகளில் பாக்கார்டு வண்டி உலகப் பிரசித்தி பெற்றது. 1903ல் கம்பெனி டெட்ராயிட் நகரத்துக்குச் சென்றது. பாக்கார்டு 1909 வரையில் அதன் தலைவராக இருந்தும், ஊரை விட்டுப் பெயராமல் வாரனிலேயே தங்கிவிட்டார். இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னால் சொல்லப்போவதற்கு இதுவே அடிப்படையாகும்.

நிற்க. யந்திரங்களில் இத்துணைப் பற்றுக் கொண்ட ஒருவருக்குக் கடியாரத்தில் ஆசை உண்டானதில் வியப்பில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டிக்குள், நூற்றுக்கணக்கான சக்கரங்களும் திருகுகளும் விற்சுருள்களும் ஒன்றோடொன்று பிணங்காமல் நடக்கும் வேறு யந்திரம் அக்காலத்தில் இல்லை. ஆதியில் அவர் விரும்பியது யந்திரத் திறமையையே. கடியாரம் எத்தனை காரியம் செய்யக்கூடும், அவற்றை எத்தனை பிழையின்றிச் செய்யக்கூடும் என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடை அளிக்கத்தக்கவர்கள் சுவிட்ஜர்லாந்து தேசத்து ஜினீவா நகரத்துத் தொழிலாளிகளே என்று கண்டு, அங்குள்ள பாடேக் பிலிப் கம்பெனியாருக்கும் வாஷரோன் கான்ஸ்டன்டின் கம்பெனியாருக்கும் தம் கருத்துப்படி கடியாரங்கள் செய்து அனுப்ப உத்தரவு கொடுத்துவந்தார்.

மணியும் நிமிஷமும் விநாடியும் காட்டுவதற்கு மேற்பட்டு ஒரு கடியாரம் செய்யும் ஒவ்வொரு தொழிலையும் அத்தொழிலாளர் ஒரு சிக்கல் என்று கணக்கிடுவது வழக்கம். பொத்தானை அழுத்தினால் இருட்டிலும் மணியையும் நிமிஷத்தையும் ஒலித்துக் காட்டுவது ஒரு சிக்கல். மாதத்துக்கு முப்பது நாளா, முப்பத்தொன்றா, பிப்ரவரிக்கு இருபத்தொன்பது உண்டா என்பதைத் தானே அறிந்து தேதி காட்டுவது மற்றொன்று. 1916ல் பாடேக் கம்பெனியார் பாக்கார்டுக்குச் செய்தளித்த கடியாரத்தில் இத்தகைய சிக்கல்கள் பதினாறு இருந்தன. எண்ணிக்கையால் மகிழ்கின்ற பருவம் அது. வேடிக்கைப் பொருள்களிலும் அவருக்கு அப்போது பிரியம் இருந்தது. கைத்தடியின் பிடியில் கடியாரம் ஒன்றை அமைக்கச் செய்து 1918ல் பெற்றுக்கொண்டார். 1919ல் வாஷரோன் கம்பெனியார் அனுப்பிய கடியாரம் ஓட்டப் பந்தயத்துக்குரிய விநாடிக் கணக்கையும் காட்டும். வேளையை இன்னொலியாக ஒலிக்கவும் செய்யும்.

1923ல் அவருக்கு வந்த மேஜைக் கடியாரத்தில் ஒரு மாறுதலைக் காண்கின்றோம். அது சட்டைப் பையிலிருந்து எடுத்து நண்பருக்குக் காட்டி வியக்கச் செய்வதற்குரியதன்று. எழுதும் மேஜையின்மேல் இருந்து, தனித்திருப்பவனுக்குத் துணையாக நாளும் தேதியும் காட்டிக்கொண்டிருப்பது. அதே வருஷத்தில் அவருடைய தமையனார் காலமானார். பாக்கார்டு தம்பதிகளுக்குப் புத்திர பாக்கியமும் இல்லை. இதற்குப் பின் அவர் கேட்டு வாங்கிய கடியாரங்களில் சிக்கல்களின் தொகை பெருகவில்லை, பொருள் ஆழ்ந்தது.

1927ல் இரண்டு கடியாரங்கள் ஜினீவாவிலிருந்து வந்தன. அவற்றுள் ஒன்று, குறித்த வேளையில் ஓர் இசையை எழுப்பும். பிரெஞ்சு சங்கீத வித்துவான் கொடார் என்பவர் இயற்றி 1888ல் அரங்கேறிய ஜோஸலின் என்னும் இசை நாடகத்தில் வரும் தாலாட்டு அது. பாக்கார்டின் தாயாருக்கு மிகவும் உவந்த பாட்டு. அறுபது பிராயம் கடந்த ஒரு பெருஞ் செல்வர், உலகத்திலேயே சிறந்த யந்திரத் தொழிலாளிகளிடம் கேட்டது தம் அன்னைக்குப் பிடித்த தாலாட்டை! இதைக் காட்டிலும் பெரிய சிக்கல் எதுவும் இல்லையென்றே எமக்குத் தோன்றுகிறது.

மற்றொன்று வானக் கடியாரம். அதன் பின்புறத்தைத் திறந்தால் நீல மெருகின்மேல் ஐந்நூறு பொன் விண்மீன்கள் தோன்றும். அவை வாரன் நகரத்தில் அவர் வீட்டின்மேல் காணப்படும் வானத்தை அப்படியே காட்டிச் சுழல்வன. அவ்வூரில் சூரியன் உதிக்கும் வேளையும் மறையும் வேளையும் அதில் காணலாம். சூரியன் காட்டும் பொழுதுக்கும் கடியாரம் காட்டும் பொழுதுக்கும் உள்ள பேதத்தையும் அது அறிவிக்கும். இப்பேதம் பிப்ரவரியில் சுமார் பதினான்கு நிமிஷம் ஒரு பக்கமாகவும், நவம்பர் தொடக்கத்தில் பதினாறு நிமிஷம் மறுபக்கமாகவும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை சுற்றிவரும் அவரை விதை போன்ற வடிவுள்ள ஒரு தகட்டின் விளிம்பை ஒரு சிறு நெம்புகோல் தடவிக்கொண்டே சென்று இதைக் காட்டுவது வழக்கம்.

இங்கே ஒரு விஷயத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நல்ல கடியாரம் எங்கே கொண்டுபோனாலும் மெய்யே சொல்ல வேண்டும் என்பதுதான் உலக வழக்கம். பாக்கார்டும் முதலில் அதையே விரும்பினார். ஆனால் இந்த வானக் கடியாரமோ, வாரனை விட்டு வெகு தூரம் கொண்டுபோனால் உதயத்தையும் அஸ்தமனத்தையும் பற்றிப் பிழை கூறும். அதைச் செய்த ஜினீவாவிலேயே அதன் வானம் பொருந்தாது. அதேபோல் அந்தத் தாலாட்டின் அருமை ஒரு குடும்பத்தாருக்கே தெரியும். எல்லா இடத்துக்கும் பொதுவான மெய்யை விரும்பித் தொடங்கிய ஒருவர், தம் ஊருக்கும் தம் வீட்டுக்கும் மட்டுமே மெய்யான ஒன்றை விரும்பி முடித்தார். பிறர் மதிப்புக்காகச் சேர்ப்பவன் பிறருக்கு விளங்கும் பொருளையே நாடுவான். தனக்கு மட்டும் விளங்கும் பொருளை நாடுகிறபோதே ஒருவனுடைய ரசனை அவனுக்குச் சொந்தமாகிறது.

வானக் கடியாரத்தைப் பெற்றபின் அவர் நெடுநாள் ஜீவித்திருக்கவில்லை. 1928ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 20ந் தேதி கிளீவ்லாந்து வைத்தியசாலையில், தமது 64ஆவது வயதில் காலமானார்.

அவர் காலத்தில் நியூயார்க்கில் ஹென்றி கிரேவ்ஸ் என்னும் தனவந்தர் ஒருவரும் இருந்தார். அவர் 1925ல் உத்தரவு கொடுத்து 1933ல் பெற்ற கடியாரத்தில் இருபத்து நான்கு சிக்கல்கள் இருந்தன. நியூயார்க் நகரத்து வானமும் அதில் இருந்தது. 2014ல் அது இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இருவரும் போட்டியிட்டனர் என்று கதை கட்டுவோர் உண்டு. போட்டி என்றால் கிரேவ்ஸ் வென்றார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பாக்கார்டு தம் கடைசிக் கடியாரங்களில் எண்ணிக்கையை நாடவேயில்லை. ஆதலால் அவர் தோற்றதாக நாம் எண்ணவில்லை.

ஏழைகள் நிறைந்த உலகத்தில் கடியாரங்களுக்கு இவ்வளவு பொருள் செலவிடலாமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்வியே. கைத்தொழில் வல்லோரை ஆதரிப்பதும் ஒரு தர்மமே என்று சொல்லி இதை மூடிவிட நாம் விரும்பவில்லை. பாக்கார்டு தம் செல்வத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை, தாம் பயின்ற லீஹை சர்வகலாசாலைக்கு யந்திர சாஸ்திரமும் மின்சார சாஸ்திரமும் கற்பிக்கும் ஆராய்ச்சிச்சாலை கட்டக் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1899ல் அவர் செய்த முதல் வண்டி அந்தக் கட்டடத்தின் முகப்பு மண்டபத்தில் வைக்கப்பட்டது. தாய், ஊர், கல்வி தந்த கழகம் ஆகிய மூன்றையும் கடைசி வரை மறவாத மனம் ஒன்றே, தாலாட்டையும் வானத்தையும் ஆராய்ச்சிச்சாலையையும் கேட்டு வாங்கிற்று.

பாக்கார்டு வண்டிகளின் உற்பத்தி 1958ல் நின்றுபோயிற்று. அவருடைய வானக் கடியாரமோ ஜினீவாவில் 2001ல் திறக்கப்பெற்ற பாடேக் கம்பெனியாரின் காட்சிசாலையில் சேர்ந்துள்ளது. அயலூரில் இருந்தாலும் அதன் பொன் விண்மீன்கள் வாரன் நகரத்து வானத்தையே காட்டும். செல்வம் படைத்த நம்மவர் ஒவ்வொருவரும், தாம் சேர்க்கும் பொருள்களில் எது பிறர் கண்ணுக்காக, எது தம் நெஞ்சுக்காக என்று வருஷத்துக்கு ஒரு முறையேனும் எண்ணிப் பார்ப்பாராயின், இச்சரித்திரத்தை எழுதியதன் பயனை நாம் பெற்றோமாவோம்.