சட்டம் வருமுன் போராடிய சிதம்பரனார்

கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரனாரை எல்லோரும் அறிவார்கள். அவர் ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் போராடியவர்.

தூத்துக்குடி கோரல் ஆலையில் கூலி சொற்பம். வார விடுமுறை கிடையாது. சங்கம் வைத்தால் பாதுகாக்கச் சட்டமும் இல்லை. 1908 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரனார் முன்னின்று நடத்தினார். பட்டினியால் வாடிய குடும்பங்களுக்குப் பணம் திரட்டினார். நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது!

மார்ச் மாதமே அவர் கைதானார். ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை அடைந்தார். கோவைச் சிறையில் மாடுபோல் செக்கிழுத்தார்.

1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதைக் கண்ட சிதம்பரனார் 1936-ல் மறைந்தார்.

அந்தக் கோவைக்கு அருகில் உள்ளது திருப்பூர். அங்கே 1984-ல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குச் சங்கமும் இருந்தது, சட்டமும் இருந்தது. சிதம்பரனார் காலத்தில் இருந்தது துணிச்சல் மட்டுமே!