ஹாமில்டனும் இரண்டு லீவரும்

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தா என்று யூனியன் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குத் தோன்றிய பெயர்களை எல்லாம் மற்றவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். எடிசனை ஃபர்ஸ்ட் இயர் தம்பி எடுத்துக்கொண்டான். ஜி.டி. நாயுடுவை எலக்ட்ரிகல்காரர்கள் விட்டுத்தர மாட்டார்கள். அதனால் நான் கடல் தாண்டிப் போய் ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறேன். பெயர் பில் ஹாமில்டன். நியூசிலாந்துக்காரர். அவர் நாட்டில் பிரபலமான மனிதர். நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கேட்டால் யாருக்கும் தெரியாது.

உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன மே மாத லீவில் எண்ணூரில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் அங்கே படகு ரிப்பேர் பார்க்கும் ஒரு யார்டில் வெல்டருக்கு ஹெல்பர். ஒரு நாள் என்னையும் அழைத்துப் போய் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு படகைக் காட்டினார். பின்பக்கம் போய் பார்த்தேன். புரொப்பல்லரும் இல்லை, சுக்கானும் இல்லை! இரண்டு பெரிய நாசில் மட்டும் இருந்தது. உள்ளே இரண்டு இன்ஜின். ஓட்டுகிறவர் கைக்குப் பக்கத்தில் இரண்டு த்ராட்டில் லீவர், அதற்கு அடுத்து இன்னும் இரண்டு லீவர். எதற்கு இத்தனை என்று கேட்டேன். அந்தப் படகை ஓட்டுகிற பெரியவர் சிரித்துவிட்டு, பீடியை அணைத்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஹாமில்டன் பெயரையும் அவர்தான் சொன்னார். மீதியை நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஜெட் படகு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். வயலில் ஆயில் இன்ஜின் ஓடும்போது பம்ப் ஓஸைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் முன்னால் பாயும், ஓஸ் நம்மைப் பின்னால் தள்ளும். எங்க தாத்தா வயலில் சின்ன வயதில் ஓஸைப் பிடித்துக்கொண்டு நானே சேற்றில் உட்கார்ந்திருக்கிறேன். நியூட்டனின் மூன்றாம் விதி எனக்குப் புரிந்தது அங்கேதான், பள்ளிக்கூடத்தில் இல்லை. ஜெட் படகிலும் அதே கதைதான். அடிவயிற்றில் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும், உள்ளே இம்பெல்லர் அதை வேகப்படுத்தும், பின்னால் நாசில் வழியாகப் பீய்ச்சி அடிக்கும், படகு முன்னால் போகும். அடியில் எதுவும் நீட்டிக்கொண்டு இல்லாததால் கணுக்கால் ஆழத் தண்ணீரிலும் வேகமாகப் போய்விடும்.

இதை ஓடும்படி செய்து காட்டியவர்தான் ஹாமில்டன். 1899இல் பிறந்தார். அப்பாவுக்கு ஆட்டுப் பண்ணை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அவர் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. 1921இல் இருபத்திரண்டு வயதிலேயே மெக்கன்சி என்ற மலைநாட்டுப் பகுதியில் ஐரிஷ்மன் க்ரீக் என்ற பெரிய பண்ணையைச் சொந்தமாக வாங்கினார். நம்மில் யாருக்கு அது முடியும்? ஆனால் இன்ஜினீயரிங் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. பண்ணையில் ஒரு ஒர்க்ஷாப் போட்டுக்கொண்டு, வேண்டியதைத் தானே செய்துகொள்வார், அவ்வளவுதான்.

பண்ணைக்கு மின்சாரம் கிடையாது. ஓடையில் அணை கட்டித் தானே எடுத்தார். அணைக்கு மண் வெட்ட வேண்டும், அதற்கு மண் அள்ளும் இயந்திரம் ஒன்றைத் தானே செய்தார். அது நன்றாக வேலை செய்யவே, அதையே செய்து விற்க ஆரம்பித்தார். அந்தத் தொழில் வளர்ந்து பிறகு கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் பெரிய தொழிற்சாலை ஆனது. நடுவில் கார் பந்தயப் பைத்தியம் வேறு! 1930இல் இங்கிலாந்து போய் ப்ரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் பென்ட்லி கார் ஓட்டி ஜெயித்தார். 1947இல் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களை மலைமேல் இழுத்துப் போகும் கயிற்று இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். இதையெல்லாம் விரிவாகச் சொன்னால் மலரில் இடம் போதாது, படகுக்கு வருகிறேன்.

அவர் ஊர் ஆறுகளை நினைத்துப் பாருங்கள். நம்ம பாலாறு மாதிரி அகலம், ஆனால் தண்ணீர் ஓடும். அதுவும் ஒரே ஓட்டமாக இல்லாமல் பத்துப் பதினைந்து கிளையாகப் பிரிந்து, கூழாங்கல் மேல், முழங்கால் ஆழத்தில், வேகமாக. புரொப்பல்லர் போட்ட படகு போனால் பத்தடியில் கல்லில் இடித்து இறகு வளைந்துவிடும். அந்த ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து மேலே போக வேண்டும் என்பது அவர் ஆசை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹேன்லி என்ற பெயரில் ஒரு நீர் ஜெட் இருப்பதாக அறிந்து, அதே மாதிரி முயற்சி செய்தார். அதில் தண்ணீர் படகுக்கு அடியிலேயே, தண்ணீருக்குள்ளேயே வெளியே வரும். படகு நகர்ந்தது, ஆனால் மெதுவாக.

அப்போது அவர் செய்த மாற்றம்தான் எனக்குப் பிடித்தது. பெரிய இன்ஜின் போடவில்லை. நாசிலை அடியிலிருந்து எடுத்து, பின்பலகை வழியாக, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வெளியே விட்டார். தண்ணீருக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த பாகம் போய்விட்டது, ஜெட் காற்றில் பாய்ந்தது, வேகம் கூடிவிட்டது. சில அங்குல மாற்றம், நண்பர்களே! இதையெல்லாம் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதில்லை. பெருமை எல்லாம் திருகு பம்ப் செய்த ஆர்க்கிமிடீசுக்குத்தான் என்று சொல்லிவிடுவாராம்.

1960இல் அவர் மகன் ஜானும் சேர்ந்த குழு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் பெரிய பாய்ச்சல்களை எல்லாம் இந்தப் படகுகளில் எதிர்த்து ஏறியது. அதற்கு முன்னால் யாரும் கீழிருந்து மேலே முழுவதும் போனதில்லை.

இப்போது அந்த லீவர்களுக்கு வருகிறேன். பெரிய படகு, கடலோரக் காவல் வேலை என்றால் இரண்டு இன்ஜின், இரண்டு ஜெட் தேவை. நம்ம கடலோரக் காவல் படைக்கு எல் அண்ட் டி கட்டிக்கொடுத்த இடைமறிப்புப் படகுகள்கூட ஜெட்டில் ஓடுகிறவைதான், 45 நாட் வேகம் வரை போகும். எண்ணூரில் நான் பார்த்தது அது இல்லை, அதைவிடச் சின்னது.

பெரியவர் சொன்ன பாடம் இது. ஜெட்டில் ரிவர்ஸ் கியர் போட்டு இம்பெல்லரைத் திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை. நாசிலுக்குப் பின்னால் ஒரு பக்கெட் இருக்கிறது. அதை இறக்கினால் பாய்கிற தண்ணீர் முன்பக்கமாகத் திரும்பும், படகு பின்னால் போகும். பாதி இறக்கினால் படகு நிற்கும், ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் த்ராட்டில் தனி, பக்கெட் லீவர் தனி. கரையை நெருங்கும்போது புது ஆட்கள் த்ராட்டிலைத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்களாம். பழகினவர் இரண்டு இன்ஜினையும் ஒரே அளவில் நிறுத்திவிட்டு, பக்கெட்டிலேயே வேலையை முடிப்பார். இடது ஜெட்டை முன்னால் தள்ள விட்டு, வலது பக்கெட்டை இறக்கினால் படகு நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சுற்றும்.

இரண்டு இன்ஜினும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா என்று அவர் மீட்டரைப் பார்ப்பதில்லை, காதால் கேட்கிறார். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் வூம்... வூம்... என்று சத்தம் ஏறி இறங்கும். ஒரு லீவரை நூலளவு நகர்த்துவார், வூம் நீண்டுகொண்டே போய் மறைந்துவிடும். நாம் ஃபிசிக்ஸில் பீட்ஸ் என்று படித்து மறந்தோமே, அதேதான்!

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் சொன்னது ஒன்று. பயந்துபோய் த்ராட்டிலை மூடாதே. காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஸ்டியரிங் திரும்பும். ஜெட் படகில் சுக்கான் கிடையாது, பீய்ச்சுகிற தண்ணீரைத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். தண்ணீர் வருவது நின்றால் ஸ்டியரிங்கும் செத்துவிடும். எதிரில் பாறை தெரிகிறது, பயத்தில் இரண்டு லீவரையும் இழுத்துவிடுகிறோம், படகு நேராகப் பாறைக்கே போகும். ஆழம் குறைந்த இடத்தில் இன்னும் மோசம். வேகத்தில் தண்ணீர் மேல் எழும்பி ஓடிக்கொண்டிருந்த படகு, வேகம் குறைந்ததும் கீழே உட்காரும், அடி தட்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்க வீட்டில் பத்தாவது தாண்டினவன் நான்தான். அப்பா லாரி லோடுமேன். நான் இரண்டாவது செமஸ்டர் படிக்கும்போது சரக்கு இறக்கையில் விழுந்து கால் முறிந்துவிட்டது. அதே வாரம் ரிசல்ட் வந்தது, கணக்கில் அரியர். நான் யாரிடமும் கேட்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டேன். வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகப் போய், பதினொரு நாள் அட்டைப்பெட்டி மடித்தேன். யோசித்துப் பார்த்தால் அது முடிவு எடுத்தது இல்லை, பயத்தில் லீவரை இழுத்ததுதான். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா என்னுடைய மினி டிராஃப்டரைத் துடைத்து சாப்பாட்டு டப்பா பக்கத்தில் வைத்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஷிப்ட் பஸ்ஸை விட்டுவிட்டு காலேஜ் பஸ்ஸில் ஏறினேன். அந்த அரியரை மறு தடவை எழுதி முடித்தேன், 52 மார்க்.

ஹாமில்டன் கதையின் கடைசிப் பகுதி நம்ம நாட்டில் நடந்தது. 1977 ஆகஸ்டில் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, கங்கை கடலில் சேரும் கங்காசாகரிலிருந்து மூன்று ஹாமில்டன் ஜெட் படகுகளில் புறப்பட்டு, காசி, ஹரித்துவார் வழியாக இமயமலை நோக்கி ஆற்றை எதிர்த்துப் போனார். கங்கா, கிவி, ஏர் இந்தியா என்று படகுகளுக்குப் பெயர். ஓட்டியவர்களில் ஹாமில்டனின் மகன் ஜானும் பேரன் மைக்கும் இருந்தார்கள். ரிஷிகேஷைத் தாண்டி மலைப் பாய்ச்சல்களில் ஏறி, நந்தபிரயாகை பக்கம் ஒரு அருவி குறுக்கே வந்ததும்தான் படகுகள் நின்றன. அதற்கு மேல் ஹிலாரி நடந்து போனார்.

1974இல் ஹாமில்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது. கங்கைப் பயணம் முடிந்த அடுத்த வருடம், 1978இல் அவர் இறந்தார். கிறைஸ்ட்சர்ச்சில் அவர் தொடங்கிய கம்பெனி இன்றும் ஜெட் செய்துகொண்டிருக்கிறது.

எண்ணூர் படகின் ரிப்பேர் முடிந்து ஜூனில் டிரையல் பார்த்தார்களாம். டிரையல் அன்று வந்தால் கழிமுகத்தில் ஐந்து நிமிடம் லீவரைப் பிடிக்க விடுகிறேன் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து எனக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பிராக்டிகல். பம்ப் டெஸ்ட் ரிக்கில் வால்வைத் திறந்து ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் ஏறி இறங்குகிறதா என்று காது தானாகவே கேட்டது. பக்கத்தில் நின்ற பார்ட்னர் ரீடிங்கை எழுதுடா என்று முழங்கையால் இடித்தான்.